சர்வமதங்களையும் பயிலச் சொன்ன ஸ்ரீ நாராயண குரு



நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் சரிதத்தை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு அத்தகுதி உண்டோ என்ற ஐயம் எழுந்தது. ஆயினும் யாரைப் பற்றி எழுதுவது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. அதன் காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் பிறந்தது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதை 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நான் பிறந்ததும் அவ்வாண்டே. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் மலையாளமும் வழங்கும். விடியற்காலையில் கோயிலின் பாட்டும், மாதா கோயிலின் மணியும், பள்ளிவாசலின் பாங்கும் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை எழுப்பும். இத்தகைய ஊரில் பிறந்தவன் மற்றவர் மதத்தை நன்கு அறிந்திருப்பான் என்றே நீங்கள் எண்ணுவீர்கள். நான் அறிந்திருக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் என்னோடு ஒரு முஸ்லிம் நண்பன் படித்தான். இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு நடப்போம். ரமலான் மாதத்தில் ஒரு நாள், அவன் நோன்பிருக்கிறான் என்று தெரிந்தும், உப்பிட்ட நெல்லிக்காயை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க நகைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் சாலையின் மறுபக்கத்தில் தனியே நடந்தான். அவ்வாண்டு முடிவில் அவன் குடும்பம் வேற்றூருக்குச் சென்றுவிட்டது. என் பாட்டனார் இதனைக் கேள்வியுற்று என்னை அடிக்கவில்லை; வையவும் இல்லை. அடுத்த ஞாயிறன்று என்னை நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்துக்கு அழைத்துச் சென்றார். ஆற்றுப் பாறைமீது அமர்ந்து அவர் எனக்குச் சொன்ன சரிதமே இது. பின்னாளில் நானே நூல்களில் படித்து அறிந்தவற்றையும் இதனோடு சேர்த்து எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தி என்னும் ஊரில், வயல்வாரம் என்ற வீட்டில், மாடன் ஆசானுக்கும் குட்டியம்மாளுக்கும் திருமகனாக 1856ஆம் ஆண்டு ஆவணிச் சதயத்தில் நாராயணன் தோன்றினார். வீட்டார் அவரை நாணு என்று அழைத்தனர். தந்தையார் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசான். தாய்மாமன் கிருஷ்ணன் வைத்தியர் மருத்துவத்திலும் வடமொழியிலும் வல்லவர். குடும்பம் ஈழவர் குலத்தைச் சேர்ந்தது. அந்நாளைய திருவிதாங்கூரில் ஈழவர்க்குக் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை. சர்க்கார் உத்தியோகமோ எட்டாக்கனி. ஈழவ மருத்துவரான டாக்டர் பல்பு மருத்துவம் கற்றுத் தேறியும் சொந்த நாட்டில் வேலை கிடைக்காமல் மைசூர் சமஸ்தானத்துக்குச் செல்ல நேர்ந்தது என்றால், ஏனையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

நாணு தம் இருபதாம் வயதளவில் காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளிக்குச் சென்று, வாரணப்பள்ளி என்னும் இல்லத்தில் தங்கி, கும்மம்பள்ளி இராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழிக் காவியங்களையும் இலக்கணத்தையும் பயின்றார். ஆசான் நாயர் குலத்தவர், மாணவரோ ஈழவர். குலம் கடந்து கல்வி பெற்ற முதற்பாடம் இதுவே. நோயுற்று ஊர் திரும்பிய பின், சிலகாலம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நாணு ஆசான் என்று பெயர் பெற்றார். உறவினர் திருமணம் முடித்து வைத்தனர்; எனினும் இல்லறத்தில் அவர் உள்ளம் நிலைக்கவில்லை.

பின்னர் சட்டம்பி சுவாமிகள் என்று பெயர் பெற்ற குஞ்ஞன் பிள்ளையின் நட்பு அவருக்கு வாய்த்தது. அவர் வாயிலாகத் திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகளை அடைந்தார். அய்யாவு சுவாமிகள் தமிழர். ரெசிடென்சியில் அலுவல் பார்த்துக்கொண்டே யோகநெறியில் உயர்ந்து நின்ற இல்லறத்தார். சாதி பாராமல் யாவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்த துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் தமிழரிடமே நாராயணர் யோகம் பயின்றார். தமிழையும் ஆழ்ந்து கற்றார். பிற்காலத்தில் அவர் தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றினார்; திருக்குறளின் ஒரு பகுதியையும், கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் மொழிபெயர்த்தார். இன்று அவரை மலையாளிகளின் குரு என்று மட்டும் கருதும் தமிழர் பலர் இச்செய்தியை அறியார்.

வீட்டை விட்டு வெளிப்பட்ட அவர் நாஞ்சில் நாட்டிலுள்ள மருத்துவாமலைக் குகையில் தனித்துத் தவமிருந்தார். ஊர் ஊராய்த் திரிந்த அந்நாட்களில் கடலோர மீனவர் குடில்களிலும், முஸ்லிம்களின் இல்லங்களிலும், கிடைத்ததை உண்டு தங்கினார் என்று அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். மற்றவர் மதத்தை அவர் முதன்முதல் கற்றது அவர்கள் வீட்டுத் திண்ணைகளிலேதான் என்று நான் எண்ணுகிறேன்.

அருவிப்புரத்தில் ஓர் இரவு

தவம் முதிர்ந்த பின் அவர் வந்து தங்கிய இடம் அருவிப்புரம். நெய்யாறு பாறைகளிடையே தாவி விழும் அழகிய காட்டிடம் அது. 1888ஆம் ஆண்டு மகா சிவராத்திரி இரவில், நெய்யாற்றின் சங்கரன்குழி என்னும் ஆழ்மடுவில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, கண்ணீர் பெருக அதனை மார்போடு அணைத்து நெடுநேரம் நின்று, அதையே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் ஒருவர் சிவனைப் பிரதிஷ்டை செய்வதா என்று வைதிகர் வினவியபோது, தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் அமைதியாக விடையிறுத்ததாகக் கூறுவர். வினவியவர் வாயடைத்துப் போயினர்.

அப்பிரதிஷ்டையைப் பலரும் அறிவர். ஆயின் அங்கே அவர் எழுதுவித்த வாசகத்தின் பொருளை ஆழ்ந்து நோக்குவோர் சிலரே. சாதி வேற்றுமையும் மதப் பகைமையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் மாதிரி இடம் அது என்பதே அதன் கருத்து. சாதிக் கொடுமையால் துன்புற்ற மக்களுக்காகக் கோயில் எழுப்பியவர், சாதியை மட்டும் குறிப்பிட்டு நின்றிருக்கலாம். மதப் பகைமையையும் சேர்த்து ஏன் எழுதினார்?

எங்கள் எல்லைப் பகுதியின் அந்நாளைய நிலையை அறிந்தவர்க்கே அது விளங்கும். லண்டன் மிஷன் பாதிரிமார் தென் திருவிதாங்கூரில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திறந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எழுத்தறிவையும் தன்மானத்தையும் தந்துவந்தனர். ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவராயினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி மாதா கோயிலுக்கும் செல்வது எங்கள் பக்கத்தில் புதுமையன்று. அதே வேளையில் அது வாதப்பிரதிவாதங்களின் காலமுமாகும். திருவிழாக் கூட்டங்களில் பாதிரிமார் பிரசங்கம் செய்தனர். அதனை மறுத்து இந்துக்கள் நூல்கள் எழுதினர். குருவின் அருமை நண்பரான சட்டம்பி சுவாமிகளே கிறிஸ்துமதச் சேதனம் என்று ஒரு கண்டன நூல் எழுதினார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டிலேயே சைவதூஷண பரிகாரம் எழுதியிருந்தார். தத்தம் சமயத்தின்மீது கொண்ட பற்றினால் அவர்கள் எழுதினார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. நாராயண குருவோ அவ்வழியில் செல்லவில்லை. எந்த மதத்தையும் மறுத்து அவர் ஒரு நூலும் எழுதவில்லை.

மாறாக, 1914ஆம் ஆண்டில் அவர் இயற்றிய அனுகம்பா தசகம் என்னும் பத்துச் செய்யுட்களில், அருளிரக்கத்தின் வடிவங்களாகப் பல மகான்களை நினைக்கிறார். கீதையைத் தந்த கண்ணனும், ஆதிசங்கரரும் அங்கே உள்ளனர். இயேசு பெருமானும் நபிகள் நாயகமும் அங்கே உள்ளனர். திருநீற்றால் பாண்டியன் வெப்பு நோய் தீர்த்த ஞானசம்பந்தரும், சூலைநோய் தீரப் பெற்ற அப்பரும், மணிவாசகரும் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கின்றனர். நம் தமிழ் நாயன்மார்களையும் நபிகளையும் இயேசுவையும் ஒரே பாமாலையில் தொடுத்தவர் அவர். ஒரு மதத்தின் உயிர் யாது என்று கற்றறிந்தவர்க்கன்றி அவ்வாறு தொடுக்க இயலுமோ?

கோயிலிலிருந்து கல்விக்கூடத்துக்கு

அருவிப்புரத்தில் தோன்றிய கோயிற் சபை 1903ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. கவி குமாரன் ஆசான் அதன் முதற் செயலாளரானார். அடுத்த ஆண்டில் குரு வர்க்கலையிலுள்ள சிவகிரிக்குச் சென்று தங்கினார். 1912ஆம் ஆண்டில் அங்கே கலைமகளாகிய சாரதா தேவியைப் பிரதிஷ்டை செய்தார். 1913இல் பெரியாற்றின் கரையிலுள்ள ஆலுவாவில் அத்வைத ஆசிரமம் நிறுவினார். அங்கே விக்கிரகமே வைக்கவில்லை. அடுத்து ஒரு வடமொழிப் பாடசாலையையும் அங்கே அமைத்தார்.

அவர் பிரதிஷ்டைகளின் வரிசையை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதலில் கல், பின்னர்க் காரமுக்கில் ஒரு விளக்கு, முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற சொற்கள் பொறித்த தகடு, 1927இல் களவங்கோட்டில் ஒரு கண்ணாடி. வழிபட வந்தவன் தன் முகத்தையே காணும்படி செய்துவிட்டார்! கோயில்கள் கட்டியது போதும், இனிப் பள்ளிகளைக் கட்டுங்கள் என்ற கருத்தை அவர் தம் அன்பர்களுக்கு வலியுறுத்தத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

அவரிடம் வந்தோரும் பல திறத்தினர். நாயர் குலத்தில் பிறந்த சத்தியவிரத சுவாமிகள் அவருடைய முதன்மைச் சீடருள் ஒருவர். பிராமண குலத்தில் பிறந்த ஆனந்த தீர்த்தர் அவர் இறுதிக் காலத்தில் சீடரானார். 1922ஆம் ஆண்டு நவம்பரில் மகாகவி ரவீந்திரநாத் தாகூர், கிறிஸ்தவத் தொண்டரான ஆண்ட்ரூஸ் துரையுடன் சிவகிரிக்கு வந்து அவரைத் தரிசித்தார். குருவும் 1916இல் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைக் கண்டார். 1918இலும் 1926இலும் இலங்கைக்குச் சென்றார்.

ஆலுவா மகாநாடு

இனி, இச்சரிதத்தின் மையமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1921ஆம் ஆண்டில் மலபாரில் மூண்ட கிளர்ச்சியும் கலவரமும் பல உயிர்களைப் பலிகொண்டன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே அச்சமும் கசப்பும் கேரளம் எங்கும் பரவியிருந்தன. மற்றொரு புறம், ஈழவ மக்களிடையே பெரியதொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. நம்மைக் கோயிலுக்குள் விடாத மதத்தில் நாம் ஏன் இருக்க வேண்டும் என்று பலர் கேட்டனர். பௌத்தராவோம் என்றனர் சிலர். கிறிஸ்தவராவோம் என்றனர் சிலர். இஸ்லாத்தைத் தழுவுவோம் என்றனர் வேறு சிலர். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எல்லோரும் குருவின் முகத்தையே நோக்கினர்.

குரு மதமாற்றத்தைச் சினந்து தடுக்கவுமில்லை, தூண்டவுமில்லை. விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பது அவர் கொள்கை. எந்த மதத்தவனாயினும் மனிதன் நல்லவனாக வேண்டும் என்பது அதனினும் பெரிய கொள்கை. சகோதரன் அய்யப்பன் என்னும் சீர்திருத்தவாதியோடு அவர் நிகழ்த்திய உரையாடலில் இதனைத் தெளிவாக்கினார். இரு நாடுகள் போரிட்டால், ஒன்று மற்றொன்றை வென்றதும் போர் முடிந்துவிடும். மதங்கள் போரிட்டாலோ, எதுவும் எதையும் முற்றும் வென்று தீர்த்துவிட இயலாது. ஆகவே அப்போருக்கு முடிவே இராது. முடிவு வேண்டுமாயின், எல்லோரும் எல்லா மதங்களையும் ஒத்த மனத்தோடும் ஒத்த அன்போடும் கற்க வேண்டும். அவ்வாறு கற்றால் அடிப்படையில் அவற்றினிடையே பெரும் வேற்றுமை இல்லை என்பது விளங்கும். இதுவே அவர் எடுத்துரைத்த கருத்தாகும்.

இக்கருத்தைச் செயலில் காட்டவே 1924ஆம் ஆண்டு மார்ச் 3, 4 ஆகிய நாட்களில், சிவராத்திரியை ஒட்டி, ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மகாநாடு கூட்டப்பட்டது. சிகாகோ நகரில் 1893ஆம் ஆண்டு கூடிய உலகச் சமயப் பேரவையை நாம் அனைவரும் அறிவோம். சுவாமி விவேகானந்தர் புகழ் பெற்றது அங்கேதான். அதற்கு 31 ஆண்டுகளின் பின், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட ஒரு குலத்தில் பிறந்த துறவி, ஓர் ஆற்றங்கரையில் பந்தலிட்டு அத்தகைய மகாநாட்டைக் கூட்டினார். தலைமை வகித்தவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற சர் டி. சதாசிவ ஐயர் என்னும் தமிழ்ப் பெரியார். வரவேற்புரை நிகழ்த்தியவர் சத்தியவிரத சுவாமிகள். இந்து மதம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், பிரம்ம சமாஜம், ஆரிய சமாஜம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் தத்தம் நெறியை விளக்கினர். யோகத்தின் தூணாக விளங்கிய குமாரன் ஆசான் அவ்விழாவைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. ஜனவரி 16ஆம் நாள் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து அவர் மறைந்து ஏழு வாரங்களே ஆகியிருந்தன.

மகாநாட்டுப் பந்தலின் முகப்பில் ஒரு பலகை வைக்கப்பட்டிருந்தது. அங்கே கூடியது வாதிட்டு வெற்றி காண்பதற்காக அன்று. ஒருவர் மதத்தை ஒருவர் தெரிந்துகொள்வதற்காகவும், தம்முடையதைத் தெரிவிப்பதற்காகவும் என்பது அதன் கருத்து. வாதங்களையே கேட்டுப் பழகிய நாட்டுக்கு அது எத்துணைப் புதிய செய்தி! அங்கே ஒருவர் பேசும்போது மற்றவர் மறுக்க எழவில்லை; செவி சாய்த்தனர். 67 வயது கடந்த குருவும் உடனிருந்தார்.

மகாநாட்டின் முடிவிலே, குருவின் உள்ளக்கருத்து ஒன்று சபையில் அறிவிக்கப்பட்டது. சிவகிரியில் தாம் நிறுவக் கருதும் மகாபாடசாலையில் எல்லா மதங்களையும் பயில்வதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே அது. அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். மகாநாடுகள் பல கூடும், தீர்மானங்கள் நிறைவேறும், மாலைகள் வாடுமுன் யாவும் மறந்துபோகும். குரு அதனை அறிந்திருந்தார். பெரியோர் இரண்டு நாள் கேட்டுவிட்டுக் கலைந்தால் போதாது, மாணவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்க வேண்டும் என்று கண்டார். மகாநாட்டின் பயன் பாடசாலையே என்பது அவர் முடிவு.

இறுதி ஆண்டுகள்

அதே மார்ச் மாதம் 30ஆம் நாள் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஈ. வெ. ராமசாமிப் பெரியார் சென்று சிறைப்பட்டது நீங்கள் அறிந்ததே. குரு தம் வெல்லூர் மடத்தைச் சத்தியாக்கிரகிகளுக்கு அளித்தார். ஆயிரம் ரூபாய் நன்கொடையும் தந்தார். மதங்களை ஒத்த மனத்தோடு கற்கச் சொன்னவர், அநீதியைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை என்பதற்கு இஃதொன்றே சான்று.

1925ஆம் ஆண்டு மார்ச்சில் காந்தியடிகள் சிவகிரிக்கு வந்தார். ஒடுக்கப்பட்டோர் மதம் மாறுவது குறித்து அவர் வினவியபோது, பிற மதங்களிலும் மோட்சத்துக்கு வழி உண்டு என்று குரு தயங்காது உரைத்தார். ஒரே மரத்தின் இலைகள் ஒன்றுபோல் இல்லாததைக் காந்தியடிகள் சுட்டிக்காட்ட, அவற்றைப் பிழிந்து சாற்றைச் சுவைத்தால் சுவை ஒன்றே என்று குரு விடை பகர்ந்ததாக வழங்கும் செய்தியும் அச்சந்திப்பைச் சார்ந்ததே.

1928ஆம் ஆண்டு ஜனவரியில் கோட்டயம் நாகம்படத்தில், சிவகிரி யாத்திரைக்கான எட்டு நோக்கங்களை அவர் வகுத்துரைத்தார். அவற்றுள் முதலாவது கல்வி. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் சிவகிரியில் மகாசமாதி அடைந்தார். எட்டு ஆண்டுகளின் பின், 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

அவர் கருதிய மகாபாடசாலையோ, அவர் கருதிய அளவில் அவர் காலத்தில் எழவில்லை. பிற்காலத்தில் சிவகிரியில் பிரம்ம வித்தியாலயம் அமைந்தது. துறவு நெறியை நாடும் மாணவர் குருவின் நூல்களோடு பிற சமய நூல்களையும் அங்கே பயில்கின்றனர். ஆலுவாவில் சிவராத்திரி தோறும் சர்வமத மகாநாடு தொடர்ந்து கூடிவருகிறது. அதன் நூற்றாண்டை முன்னிட்டு, 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், சிவகிரி மடத்தார் ரோமாபுரியின் வாத்திகனிலேயே ஒரு சர்வமத மகாநாடு நடத்தினர். அந்நாளைய போப்பாண்டவர் பிரான்சிஸ் அவர்களைச் சந்தித்து உரையாற்றினார். பெரியாற்றங்கரைப் பந்தல் நூறாண்டில் டைபர் ஆற்றங்கரை வரை சென்றது! ஆயினும் சாதாரணப் பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில் ஒருவர் மதத்தை ஒருவர் பயிலும் ஏற்பாடு இன்னும் அருமையாகவே இருக்கிறது.

நம் காலனிக்கு ஒரு வேண்டுகோள்

இனி நம் காலனிக்கு வருகிறேன். ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து வாழ்கின்ற நாம் ஒருவர்க்கொருவர் தமிழர் என்ற உறவினால் இணைந்திருக்கிறோம். நம் வீட்டு வாயில்களில் சிலவற்றில் மாவிலைத் தோரணம் இருக்கிறது. சிலவற்றில் சிலுவை இருக்கிறது. சிலவற்றில் பிறைச் சின்னம் இருக்கிறது. பொங்கலன்று எல்லோரும் கூடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள், அடுத்த வீட்டுப் பிள்ளை ஏன் நோன்பிருக்கிறான், எதற்காக நாற்பது நாள் தவக்காலம் காக்கிறான், ஏன் மாலையணிந்து வெறுங்காலோடு நடக்கிறான் என்பதை அறியமாட்டார்கள். தெரியாததைக் கேட்டறிய நாம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நான் மேலே ஒட்டிய சீட்டை மட்டும் படித்துவிட்டு மூட்டையை அனுப்பிவிடுகிறேன். உள்ளிருப்பதை அறிவது என் கடமையன்று. மனிதரையும் அவ்வாறே அனுப்பிவிடலாமா?

ஞாயிறு தோறும் நடைபெறும் நம் தமிழ் வகுப்பில், மாதம் ஒரு முறை, ஒரு மதத்தைச் சேர்ந்த பெற்றோர் ஒருவர் வந்து தம் பண்டிகையையும் வழிபாட்டையும் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்ற யோசனை சென்ற செயற்குழுவில் எழுந்தது. வீண் சச்சரவு வரும், மதம் வீட்டோடு இருக்கட்டும், தமிழ் மட்டும் கற்பித்தால் போதும் என்று நண்பர் சிலர் கூறினர். அவர்கள் நல்லெண்ணத்தோடு கூறினர் என்பதில் எனக்கு ஐயமில்லை. சச்சரவுக்கு அஞ்சுவது நியாயமே. அதற்காகத்தான் குரு பலகையில் எழுதுவித்தார். நம் வகுப்பிலும் அதுவே விதியாக இருக்கட்டும்: தம் மதத்தைப் பற்றித் தாமே சொல்ல வேண்டும், பிறர் மதத்தைப் பற்றிக் கேட்க மட்டும் வேண்டும், எவரும் எவரையும் இழுக்க வேண்டாம், எவரும் எவரையும் இகழ வேண்டாம்.

தமிழ் மட்டும் போதும் என்போர்க்கும் ஒன்று கூறுவேன். தமிழ் எந்த ஒரு மதத்தின் சொத்து? மணிமேகலை பௌத்த காப்பியம். சிந்தாமணி சமண காப்பியம். பெரியபுராணம் சைவர்க்கும் பிரபந்தம் வைணவர்க்கும் உரியன. சீறாப்புராணத்தை உமறுப்புலவர் பாடினார். தேம்பாவணியை இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் பாடினார். இவற்றுள் எதனை நீக்கிவிட்டுத் தமிழைக் கற்பிப்பது? இன்னும் ஒன்று. மணிமேகலை தன் நெறியில் நிலைபெறுமுன், சேர நாட்டு வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள் என்று அக்காப்பியம் கூறுகிறது. ஆகவே குரு சொன்னது நமக்குப் புதிதன்று, நாம் மறந்ததேயாகும்.

என் பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அருவிப்புரம் சென்று அந்தப் பாறையில் சிறிது நேரம் அமர்ந்து வருகிறேன். நெல்லிக்காயை நீட்டிய அந்த நாள் நினைவுக்கு வருகிறது. அந்நண்பன் இப்போது எங்கே இருக்கிறானோ, அறியேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. நோன்பு என்பது யாது என்று யாரேனும் ஒருவர் எனக்கு வகுப்பறையில் அரைமணி நேரம் சொல்லியிருந்தால், நான் ஒரு நண்பனை இழந்திருக்கமாட்டேன். நம் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரத்தை நாம் கொடுப்போமாக. சிவகிரியில் எழ வேண்டியிருந்த மகாபாடசாலையின் ஒரு சிறு வகுப்பாக நம் ஞாயிற்றுக்கிழமைத் திண்ணை அமையட்டும்.

வாழ்க குருவின் நாமம்! வளர்க நம் சங்கம்!